தும்மகுண்டா மேடம்

பாமா வரதராஜன் ஒரு வருடம் தொண்டு செய்யப் போனதற்குக் காரணம் ஏரி அல்ல. வீடுதான்.

பேகம்பேட்டில் ஒரு பயண நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவள் அவள். ஒரு நாள் அந்தப் பிரிவையே குர்கானுக்கு மாற்றிவிட்டார்கள். விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்றார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், கணவன் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருக்க, மகள் இங்கேயே கல்லூரியில் படிக்க, யார் குர்கானுக்குப் போவார்கள்? கேக் வெட்டினார்கள், பூங்கொத்துக் கொடுத்தார்கள், வாசல்வரை வந்து கையசைத்தார்கள்.

அவள் வீட்டில் உட்கார்ந்த செய்தி தொழிற்சாலை டவுன்ஷிப் முழுக்க ஒரே வாரத்தில் பரவிவிட்டது. எதிர் வீட்டுக்காரி தன் பார்சல்களையெல்லாம் இவள் வீட்டு விலாசத்துக்கு வரவழைக்க ஆரம்பித்தாள். செகந்திராபாத்திலிருந்து நாத்தனார் போன் செய்து, "மன்னி, நீங்க ஆத்துலதானே இருக்கேள்? கல்யாணப் பத்திரிகைக்கெல்லாம் அட்ரஸ் எழுதித் தந்துடுங்கோளேன்" என்றாள். மகள் அக்ஷதா காலேஜ் பஸ்ஸில் ஏறியபிறகு, "அம்மா, என் ரெக்கார்டை மறந்துட்டேன். யூ ஆர் ஃப்ரீ, நா?" என்று கேட்டாள். வரதராஜன் ஒன்றும் கேட்கவில்லை. குழாய் ரிப்பேர்க்காரனுக்கும் கேஸ்காரனுக்கும் அவள் நம்பரைக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஓர் அறக்கட்டளையின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு வருட முழுநேரச் சேவை. குடியிருப்புகள், நீர்நிலைகள், மரங்கள். வயது வரம்பு இல்லை. பாமா அன்றைக்கே விண்ணப்பித்தாள்.

நேர்காணல் செய்தவர் பிரசாத் என்ற ஒருங்கிணைப்பாளர். முப்பது வயது இருக்கும், தாடி, கழுத்தில் சணல் கயிற்றில் அடையாள அட்டை. "இந்த வேலைக்கு ஏன் வரணும்னு நினைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டார்.

"வீட்டுல இருக்க முடியலை."

பிரசாத் வாய்விட்டுச் சிரித்தார். அவள் நிஜத்தைத்தான் சொன்னாள் என்பது அவருக்குப் புரியவில்லை. தேர்வாகிவிட்டாள். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாரும் அக்ஷதாவைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பிள்ளைகள். வெளிநாட்டுப் படிப்புக்கு மனுப் போடும்போது காட்ட அவர்களுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள்.

அவளுக்குக் கொடுத்த இடம் தும்மகுண்டா ஏரி. தும்ம என்றால் தெலுங்கில் கருவேல மரம், குண்டா என்றால் குட்டை. ராமச்சந்திராபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் பட்டான்செரு போகிற வழியில், நெடுஞ்சாலைக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கரையில் காலனி. மருந்துத் தொழிற்சாலைகளில் ஷிஃப்டு பார்ப்பவர்கள் பலர் அங்கே வாடகைக்கு இருந்தார்கள். எதிர்க்கரையில் ஒரு பெரிய ஃபங்ஷன் ஹால். காலனிக்காரர்கள் குப்பையைப் பிரித்துப் போட வேண்டும், ஏரியில் கொட்டக் கூடாது, கரையில் மரம் வளர வேண்டும். பாமா பார்க்க வேண்டிய வேலை இவ்வளவுதான். பேச்சில் அது ரொம்பச் சின்ன வேலையாக இருந்தது.

முதல் நாளே கனகத்திடம் மாட்டினாள்.

கனகம் ஏரிக்கரை முனையில் டிபன் வண்டி வைத்திருந்தாள். விடிவதற்குள் இட்லி, தோசை, மிளகாய் பஜ்ஜி. ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் அவள்தான் சோறு. வியாபாரம் முடிந்ததும் அண்டாவைத் தூக்கி, மிச்ச சாம்பாரோடு தட்டுகளையும் சேர்த்து ஏரியில் கவிழ்ப்பாள். பாமா போய் நின்றாள். இருவரும் பேசிக்கொண்டது தெலுங்கில்தான்.

"அம்மா, ஏரியில குப்பை கொட்டக் கூடாது."

"குப்பை யார் கொட்டினா? இது மிச்சம். மீன் தின்னும்."

"பிளாஸ்டிக் தட்டை மீன் தின்னுமா?"

"தின்னா தின்னட்டும், இல்லாட்டி விட்டுடட்டும். மீனுக்கு அது தெரியாதா மேடம்?"

பயிற்சி வகுப்பில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். அங்கே மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த தெருவில் கிருஷ்ணா என்று ஒருவர். ஆரம்பத்தில் பாமாவுக்கு அவர்தான் ஒரே ஆறுதல். சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார், சந்தேகம் கேட்டார், முட்டை ஓடு எதில் சேரும் என்று விசாரித்தார். மறுவாரமே ஈரக் குப்பையைப் பச்சைப் பையிலும் உலர்ந்ததை நீலப் பையிலும் பிரித்துக் கட்டி வாசலில் வைத்தார். பாமா மற்ற வீடுகளில் அவரைத்தான் உதாரணம் காட்டினாள். பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் சீக்கிரமே வந்தபோது, கிருஷ்ணா இரண்டு பைகளையும் கையில் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தார். பச்சையை முதலில் வீசினார். நீலத்தை அடுத்து வீசினார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மிதந்தன.

"சார்! என்ன பண்றீங்க?"

"பிரிச்சுத்தான் போட்டேன் மேடம்" என்றார், முகத்தில் துளிக்கூடக் குற்ற உணர்ச்சி இல்லாமல்.

அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. குப்பை வண்டி நினைத்தபோது வந்தது. வந்தாலும், பிரித்து வைத்ததை எல்லாம் டிரைவர் ஒரே தொட்டியில் கொட்டினார். பாமா குறுக்கே நின்று கேட்டபோது, "நக்கோ மேடம், கைக்கு டென்ஷன்? மேலே போய் எல்லாம் ஒண்ணாத்தான் ஆகும்" என்றார். நக்கோ என்றால் இந்த ஊர் உருதுவில் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. அவர் மேலே என்று சொன்னது குப்பைக் கிடங்கையா, வேறு இடத்தையா என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பொரிய ஆரம்பிப்பாள். வரதராஜன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

"இதுக்கு ஆபீஸே தேவலையே, பாமா. அங்க டெபிட்டு கிரெடிட்டாவது சொன்னபேச்சு கேட்கும்."

"நீங்க சும்மா இருங்கோ. நானே கொதிச்சுண்டு வந்திருக்கேன்."

"விட்டுடேன். யார் கேட்கப் போறா?"

விட்டுவிட்டால் பார்சல் வாங்கி வைக்க வேண்டும். அதனால் விடவில்லை.

ஜூலையில் மழை தொடங்கியதும் மரம் நடும் விழாக்கள் தொடங்கின. முதலில் ஒரு கம்பெனி வந்தது. ஏ.சி. பஸ், எல்லாருக்கும் பச்சைப் பனியன், ஆளுக்கொரு வேப்பங்கன்று. நட்டவர் பெயரை எழுதி ஒவ்வொரு கன்றிலும் சின்ன அட்டை கட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள், சமோசா சாப்பிட்டார்கள், போனார்கள். பாமாவுக்கு அன்று மனம் நிறைந்துதான் இருந்தது. பிறகு ஆடுகள் வந்தன. மழை இல்லாத இரண்டு வாரமும் வந்தது. ஆகஸ்டில் அடுத்த கம்பெனி. அதே குழிகள், அதே வேம்பு, வேறு நிறப் பனியன். மறுபடி ஆடுகள்.

செப்டம்பரில் மூன்றாவது கம்பெனி வருகிறது என்றதும் பாமா பிரசாத்துக்குப் போன் செய்தாள்.

"இருக்கிற நாலஞ்சு கன்னுக்காவது வேலி போடலாம். இன்னொரு தடவை நடறதுல அர்த்தமே இல்லை."

"மேடம், அவங்க நடணும்னுதான் வராங்க."

"ஒரே குழியில எத்தனை தடவை நடறது?"

"குழி ரெடியா இருக்கறதுதானே நமக்கு வசதி?" என்றார் பிரசாத். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான். அந்த மாதம் இன்னும் ஏழெட்டு ஏரிகளுக்குப் பஸ் அனுப்ப வேண்டிய பொறுப்பு அவர் தலையில் இருந்தது.

பஸ் வந்தது. கம்பெனி சார்பில் தேஜஸ்வினி என்ற இளம்பெண் எல்லாரையும் வரிசைப்படுத்தி, பாமாவிடம் மைக்கைக் கொடுத்து, "மேடம், ஏரியைப் பத்தி ரெண்டு வார்த்தை, இன்ஸ்பைரிங்கா" என்றாள். பாமா பேசுவதாகத்தான் இருந்தாள். முதல் குழியில் காய்ந்த குச்சி ஒன்று நின்றுகொண்டிருந்தது. போன கம்பெனிக்காரர் ஒருவரின் பெயர் அட்டை அதில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. குச்சியைப் பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இதுதான் போன மாசம் வச்ச மரம். அதுக்கு முந்தின மாசம் வச்சதை ஆடு தின்னுடுத்து. இன்னிக்கு நீங்க வைக்கிறதையும் தின்னும். ஆட்டுக்குத் தீனி போடணும்னா புல்லே போதும்" என்று மைக்கிலேயே, தமிழும் இங்கிலீஷும் தெலுங்குமாகச் சொன்னாள்.

தேஜஸ்வினி கிட்டே வந்து கெஞ்சலாகக் கேட்டாள்: "இவங்களைப் பன்னிரண்டு மணி வரைக்கும் ஏதாவது பண்ண வைக்கணும் மேடம். நான் என்ன செய்ய?"

"வேலி கட்டச் சொல்லுங்கோ."

கரையில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பேரும் கிளைகளை வெட்டி இழுத்துவந்து, உயிரோடு இருந்த கன்றுகளைச் சுற்றிக் கட்டினார்கள். முதலில் முனகினார்கள், பிறகு போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். மூன்று பேருக்குக் கையில் முள் கிழித்தது. ஒருவருக்கு டி.டி. ஊசி போட வேண்டிவந்தது. பஸ்ஸில் வந்த கன்றுகள் பஸ்ஸிலேயே திரும்பிப் போயின.

மறுநாள் அவளை அறக்கட்டளையின் பேகம்பேட் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் ரெஸ்ட் மேடம், இங்கே போட்டோக்களை எல்லாம் ஒழுங்குபடுத்தலாம் என்றார் பிரசாத். மூன்று வருட மரம் நடுவிழாப் படங்கள். பழையபடி பேகம்பேட், பழையபடி கம்ப்யூட்டர். தன் பழைய ஆபீஸ் இருந்த கட்டிடத்தைத் தினமும் கடந்து போக வேண்டியிருந்தது. இதற்குக் குர்கானுக்கே போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பதுகம்மா வந்தது. தெலங்கானாப் பெண்கள் பூக்களைக் கோபுரமாக அடுக்கி, அதைச் சுற்றிக் கைதட்டி ஆடிப் பாடி, கடைசியில் தண்ணீரில் விடும் பண்டிகை. தும்மகுண்டாவில் அதற்கென்றே ஒரு படித்துறை உண்டு. பண்டிகையின் கடைசி நாளுக்கு முந்தின நாள் பெருமழை. அன்று பொழுது சாயும் வேளையில் கனகம் போன் செய்தாள்.

"மேடம், எங்க போய்ட்டீங்க? படித்துறை முழுக்க எச்சில் தட்டு, எலும்பு. இதுல பூவை எப்படி விடறது? நீங்கதானே ஏரி மேடம்?"

பாமாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "வருஷம் முழுக்க நீங்க கொட்டுவீங்க, நான் வந்து அள்ளணுமா? மீன் தின்னும்னு சொன்னீங்களே, மீனைக் கூப்பிடுங்க!"

"என்னோடது சாம்பார் மேடம். இது பிரியாணி" என்றாள் கனகம்.

மறுநாள் பாமா அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தாள். கனகம் சொன்னது நிஜம். எதிர்க்கரை ஃபங்ஷன் ஹாலின் பின்பக்கக் கால்வாயில் கொட்டியதையெல்லாம் மழை அடித்துக்கொண்டு வந்து படிகளில் சேர்த்திருந்தது. தெர்மாகோல் தட்டுகள், எலும்புகள், அலங்கார வளைவின் பிய்ந்த பூக்கள், நூற்றுக்கணக்கில் சின்னத் தண்ணீர் பாட்டில்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் மணமக்கள் பெயரும் ஹாலின் பெயரும் அச்சாகியிருந்தன. காலனிப் பெண்கள் புடவையைச் சொருகிக்கொண்டு அதையெல்லாம் சாக்குகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பாமா அவர்களை இதற்கு முன்னால் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனை தடவை கதவைத் தட்டியிருப்பாள்! அவளும் குனிந்து அள்ளினாள்.

சாக்குகள் நிரம்பியதும் கனகம் ஒன்றைத் தோளில் தூக்கினாள். "வாங்கடி. அவனோடதை அவனுக்கே கொடுத்துட்டு வருவோம்."

பாமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரோடும் மோதக் கூடாது என்பது அறக்கட்டளையின் முதல் விதி. "வேண்டாம். நான் எழுதிக் கொடுக்கிறேன், முனிசிபாலிட்டி மூலமா..."

"எழுதுங்க மேடம். நாங்க கொடுத்துட்டு வரோம், அதுக்குள்ள நீங்க எழுதி முடிங்க."

பெண்கள் கரையோடு நடந்தார்கள். அவர்களைத் தடுக்க பாமா ஓடினாள். முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தாள், கெஞ்சினாள், அதட்டினாள். ஹால் வாசலுக்கு வந்தபோதும் அவள்தான் முன்னால் இருந்தாள். உள்ளே ஏதோ ரிசப்ஷன், மேளம், வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்கள். ஹால் முதலாளி வினய் வேகமாக வந்தார்.

"என்ன இது? யார் லீடர்?"

எல்லாரும் பாமாவைக் காட்டினார்கள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் வினய், "இது எங்க குப்பைன்னு என்ன ப்ரூஃப்?" என்றார். அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் அவள் திரும்பியிருப்பாள். சாக்கில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்து, மணமகன் பெயர், மணமகள் பெயர், ஹால் பெயர் என்று மேளத்துக்கு மேலே கேட்கிற குரலில் வாசித்தாள். அடுத்த பாட்டில். இன்னொரு கல்யாணம். அடுத்தது. விருந்தாளிகளில் ஒருவர் எட்டிப் பார்த்து, "அட, இது நம்ம வம்சி கல்யாணம்!" என்று சந்தோஷமாகச் சொன்னார். செல்போன்கள் மேலே எழும்பின. கனகம் சாக்கின் வாயைப் பிரித்துச் சிவப்புக் கம்பளத்துக்கு மேலே சாய்த்துப் பிடித்தாள். பெண்ணைப் பெற்றவர் கைகூப்பியபடி ஓடிவந்தது வினயிடம்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் சமாதானமாப் போங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வினய் டிராக்டரும் ஆட்களும் அனுப்பினார். இருட்டுவதற்குள் படித்துறை சுத்தமானது. கால்வாய் வாயில் இரும்பு வலை போடுவதாக எல்லார் எதிரிலும் ஒப்புக்கொண்டார். அன்று பெண்கள் பாமாவையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள். எந்த அடியில் குனிய வேண்டும், எந்த அடியில் தட்ட வேண்டும் என்று அவளுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. முன்னால் போனவள் காலை மிதித்தாள், பின்னால் வந்தவள் இவள் காலை மிதித்தாள். பூக்கோபுரங்கள் தண்ணீரில் அசைந்து போனபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எதிர்க்கரைக்கு வலைக்கு அளவெடுக்க ஆள் வந்தது. இந்தக் கரையில் கனகம் மிச்ச சாம்பாரை ஏரியில் கவிழ்த்தாள். பாமா அவளைப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக் போடலை, பாருங்க மேடம்" என்றாள் கனகம், பெரிய தியாகம் செய்தவளைப் போல. உண்மைதான், தட்டுகளைத் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். நான்கு மாதச் சண்டைக்கு அதுதான் கூலி.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பிரசாத் காலையில் போன் செய்து கத்தினார். மத்தியானம் மறுபடி அழைத்தபோது குரல் மாறியிருந்தது. நன்கொடையாளர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். நீங்களே தும்மகுண்டாவைத் தொடர்ந்து பாருங்கள் மேடம், இதே மாதிரி வேறு ஏரிகளிலும் செய்ய முடியுமா என்று கேட்டார். "அதுக்கு முதல்ல கனகத்தைக் கேட்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வலை வந்தது. வந்த மாதமே அடைத்துக்கொண்டது. வினய் அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், உங்க வலை அடைச்சிருக்கு."

"அது உங்க வலை."

"நீங்க சொல்லித்தானே போட்டேன்?"

ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் இந்தப் பேச்சு நடந்தது. ஆனால் அவர் வலையைப் பிடுங்கவில்லை. முனகிக்கொண்டே ஆள் வைத்துச் சுத்தம் செய்தார். வேலி கட்டிய கன்றுகளில் பாதி பிழைத்தன. கிருஷ்ணா ஏரியில் வீசுவதை நிறுத்தி, பக்கத்துக் காலி மனையில் வீச ஆரம்பித்தார். மனைக்காரர் பாமாவிடம் சண்டைக்கு வந்தார்.

ஒரு நாள் சாப்பிடும்போது வரதராஜன், "இவ்வளவு எரிச்சல் பட்டுண்டு எதுக்குத்தான் போறே?" என்று கேட்டார். இம்முறை கேலி இல்லை.

பாமா ரசத்தைக் கலக்கினாள். "ஆபீஸ்ல நான் லீவு போட்டா யாருக்கும் தெரியாது. இங்க ஒரு நாள் போகலைன்னா மறுநாள் நாலு பேர் திட்டறா."

"அது நல்லதா?"

"தெரியலை. ரசம் விட்டுக்கோங்கோ."

வருடம் முடிந்தது. இன்னொரு வருடம் இருக்கிறீர்களா என்று பிரசாத் கேட்டபோது, பாமா ஒரே வார்த்தையில் "நக்கோ" என்றாள். இப்போது பட்டான்செருவில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் பாதி நாள் கணக்கு எழுதுகிறாள். அவளுக்குப் பின் தும்மகுண்டாவுக்கு யாரும் வரவில்லை. காலனிக்காரர்களிடம் அவளுடைய நம்பர் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வேலைக்கு நடுவே கனகம் கூப்பிட்டாள். "மேடம், கிருஷ்ணா சார் வீட்டுக்குள்ள பாம்பு!"

"நான் பாம்பு மேடம் இல்லை. ஏரி மேடமாக்கூட இப்ப இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஐந்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பாம்பு பிடிக்கிற சங்கத்தின் நம்பரைத் தேடி எடுத்து அவர்களை அனுப்பினாள். அவர்கள் வந்து பிடித்துப் பார்த்ததில் அது சாரைப்பாம்பு, விஷமில்லாதது. எலிக்கு நல்லது என்று சொல்லி, எல்லார் எதிரிலும் ஏரிக்கரைப் புதரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அரைமணியில் கிருஷ்ணாவே அழைத்தார். ரொம்ப வருத்தப்பட்ட குரல். "ஏன் மேடம், காலனியிலயே பாம்பை விடச் சொன்னீங்களாமே? ஒரு நியாயம் வேண்டாமா?"

"நான் எங்க சார் சொன்னேன்?"

"எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மீட்டிங் வச்சிருக்கோம். நீங்க வந்து பதில் சொல்லணும்."

"வரமாட்டேன்" என்றாள் பாமா. பிறகு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.